யூஎம் வேண்டாமென்று கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். அடுத்த மாதம் கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க வேண்டும். இப்போது லயபிலிட்டி 100/300/100 (ஆயிரம் டாலர் கணக்கில்), கொலிஷன் (மோதலில் என் காருக்கு வரும் சேதத்துக்கான காப்பு) டிடக்டிபிள், அதாவது முதலில் நானே கட்ட வேண்டிய தொகை, 1,000 டாலர். பிரீமியம் ஏறிவிட்டதால் வேறு கம்பெனியில் விசாரித்தேன். "ஆபீஸில் நல்ல ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கிறதே, யூஎம்/யூஐஎம் (இடித்தவரிடம் இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலோ போதாவிட்டாலோ உதவும் காப்பு) எதற்கு? வேண்டாமென்று கையெழுத்துப் போட்டால் பிரீமியம் குறையும்" என்கிறார் ஏஜென்ட். ஜூனில் அப்பா, அம்மா திருச்சியிலிருந்து வந்து ஆறு மாதம் இருப்பார்கள். நீக்கிவிடலாமா?

பதில்: நீக்காதீர்கள். பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் டிடக்டிபிளைக் கொஞ்சம் ஏற்றலாம், நான்கு கம்பெனிகளில் விலை கேட்கலாம். இதில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதுவும் பெற்றோர் வருகிற வருடத்தில் கூடவே கூடாது.

லயபிலிட்டி என்பது நீங்கள் யாரையாவது இடித்தால் அவர்களுக்குப் போகும் பணம். உங்களை ஒருவர் இடித்தால் நீங்கள் நம்பியிருப்பது அவருடைய லயபிலிட்டியை. அவரிடம் இன்சூரன்ஸே இல்லை, அல்லது இடித்துவிட்டு ஓடிவிட்டார் என்றால் யூஎம். இருக்கிறது, ஆனால் போதவில்லை என்றால் யூஐஎம். அவர் தந்திருக்க வேண்டியதை உங்கள் கம்பெனி தருகிறது.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவது குற்றம்தானே என்பீர்கள். குற்றம்தான். ஆனாலும் அமெரிக்கா முழுக்கப் பார்த்தால் 2022இல் ஏறத்தாழ 14 சதவீத ஓட்டுநர்களுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று இன்சூரன்ஸ் ரிசர்ச் கவுன்சில் கணக்கிட்டிருக்கிறது. ஏழு பேரில் ஒருவர். இன்சூரன்ஸ் உள்ளவர்களிலும் பலர் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டெக்சாஸில் அது 30/60/25: காயம்பட்ட ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் காயம்பட்ட அனைவருக்கும் சேர்த்து 60,000, பொருள் சேதத்துக்கு 25,000. 2011இலிருந்து இந்தத் தொகை மாறவில்லை. ஆஸ்பத்திரி பில் அப்படியா இருக்கிறது? கால் எலும்பு முறிந்து, ஓர் அறுவை சிகிச்சை, நான்கு நாள் படுக்கை என்றாலே முப்பதாயிரம் கரைந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களை இடித்தவரிடம் குறைந்தபட்ச பாலிசி. மருத்துவச் செலவு, போன சம்பளம், வலி வேதனை எல்லாம் சேர்த்து உங்கள் இழப்பு 1,20,000 டாலர் என்று வையுங்கள். அவருடைய கம்பெனி 30,000 கொடுத்துக் கை கழுவிவிடும். மீதி 90,000. யூஐஎம் 100/300 வைத்திருந்தால் அந்த 90,000மும் உங்களுக்கு வரும். 30/60 மட்டும் வைத்திருந்தால் இன்னும் 30,000 வரும். மிச்சம் 60,000 உங்கள் தலையில். டெக்சாஸில் அவர் தந்த தொகையை உங்கள் இழப்பிலிருந்து கழிக்கிறார்கள், யூஐஎம் வரம்பிலிருந்து அல்ல. இது நமக்கு நல்லது. கலிபோர்னியாவில் வரம்பிலிருந்தே கழிப்பார்கள்: அதே 100/300க்கு அங்கே அதிகபட்சம் 70,000தான் வரும், 30/60 வைத்திருந்தால் ஒன்றுமே வராது. நாளைக்கு வேலை மாறி அங்கே போனால் இதை மறந்துவிடாதீர்கள்.

இனி ஏஜென்ட் சொன்ன ஹெல்த் இன்சூரன்ஸ் வாதம். அது ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும், அதுவும் உங்கள் டிடக்டிபிளும் கோ-இன்சூரன்ஸும் (பில்லில் நீங்கள் கட்ட வேண்டிய சதவீதப் பங்கு) போக. மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாவிட்டால் சம்பளம் தராது. நிரந்தரமாகக் கை மடக்க முடியாமல் போனால் அதற்கு ஒரு சென்ட் தராது. இவற்றையெல்லாம் கேட்கக்கூடிய இடம் இடித்தவரின் லயபிலிட்டியும் உங்கள் யூஎம்/யூஐஎம்மும்தான். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பெரிய கம்பெனிகள் தம் சொந்தப் பணத்தில் நடத்தும் ஹெல்த் பிளான்கள், விபத்துக்காக உங்களுக்கு இழப்பீடு வந்தால் தாங்கள் கட்டியதைத் திருப்பிக் கேட்கும் உரிமையைப் பெரும்பாலும் எழுதி வைத்திருக்கும். ஆகவே கைக்கு வரும் தொகை நினைத்ததைவிடக் குறையும். வரம்பைக் குறைவாக வைக்காதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பா அம்மா விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. அவர்களுக்கு ஆபீஸ் ஹெல்த் இன்சூரன்ஸ் கிடையாது. விசிட்டர் இன்சூரன்ஸ் எடுப்பீர்கள். விலை குறைந்த பிளான்களில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகை கட்டியிருக்கும், பில் அதைத் தாண்டினால் மீதி உங்களுடையது. உங்கள் காரில் பயணிகளாக இருக்கும்போது அவர்களுக்கும் உங்கள் யூஎம்/யூஐஎம் உண்டு. நான்கு பேரோடு போகும்போது சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து ஒருவர் இடிக்கிறார் என்றால், அவருடைய 60,000ஐ நால்வரும் பங்கிட வேண்டும். நீங்கள் யூஐஎம்மில் வைத்திருக்கும் 3,00,000 அப்போதுதான் கைகொடுக்கும். மாலை நடைக்குப் போகும்போது கார் இடித்தால்? வீட்டில் உடன் வாழும் குடும்பத்தினருக்கு நடக்கும்போதும் இந்தக் காப்பு உண்டு. ஆறு மாத விருந்தினர் அந்தச் சொல்லுக்குள் வருவார்களா என்று ஏஜென்ட்டிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே பிஐபி (பர்சனல் இஞ்சுரி புரொடெக்ஷன்) என்று ஒன்று உண்டு. யார் தப்பு என்று பார்க்காமல் காரில் இருந்த எல்லோருக்கும் மருத்துவச் செலவு தரும். 2,500 டாலரில் தொடங்குகிறது, அதற்கு மேலும் வாங்கலாம். அதையும் விட வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது? உங்கள் லயபிலிட்டி எவ்வளவோ அவ்வளவு, அதாவது 100/300/100. லயபிலிட்டியைத் தாண்டி யூஎம் வாங்க முடியாது. கூட வேண்டுமென்றால் முதலில் அதை உயர்த்த வேண்டும். அம்ப்ரெல்லா பாலிசி (மற்ற பாலிசிகளின் லயபிலிட்டி வரம்புக்கு மேல் கிடைக்கும் கூடுதல் காப்பு) இருக்கிறதே என்று நினைத்தால், பெரும்பாலானவற்றில் யூஎம் சேர்ந்திருக்காது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

காரின் சேதத்துக்கான யூஎம்முக்கு டெக்சாஸில் டிடக்டிபிள் 250 டாலர். உங்கள் கொலிஷனுக்கு 1,000. இரண்டும் இருந்தால் எதன் கீழ் கிளெய்ம் செய்வது என்பது உங்கள் விருப்பம். வாடகைக் கார் செலவையும், காருக்குள் உடைந்த லேப்டாப்பையும் யூஎம்மில் கேட்கலாம்.

அந்தக் கையெழுத்து சின்ன விஷயமல்ல. டெக்சாஸ் சட்டப்படி கம்பெனி யூஎம்/யூஐஎம்மைக் கொடுக்க முன்வந்தே ஆக வேண்டும். நீங்கள் எழுத்தில் மறுத்தால்தான் அது போகும். ஒருமுறை மறுத்துவிட்டால் அடுத்தடுத்த புதுப்பித்தல்களில் அவர்கள் மறுபடி கேட்க வேண்டியதில்லை, நீங்களாக எழுதிக் கேட்கும்வரை அந்த மறுப்பே தொடரும். ஆன்லைனில் வாங்கும்போது அவசரத்தில் இடும் மின்கையெழுத்துக்கும் இதே கதிதான். ஐந்து வருடம் கழித்து விபத்து நடந்த பிறகுதான் பலருக்குத் தாங்கள் மறுத்ததே தெரிய வருகிறது.

காப்பு இருந்தும் பணம் கிடைக்காமல் போவது எங்கே? இடித்துவிட்டு ஓடிய வண்டி உங்கள் காரைத் தொட்டிருக்க வேண்டும். ஒருவர் குறுக்கே வந்ததால் நீங்கள் ஒடித்துத் திருப்பிக் கம்பத்தில் மோதினால் டெக்சாஸில் யூஎம் கிடைக்காது. ஆகவே உரசல் தடத்தையும் ஒட்டியிருக்கும் பெயின்டையும் காரை நகர்த்தும் முன் போட்டோ எடுங்கள், போலீஸை அழையுங்கள், அன்றே உங்கள் கம்பெனிக்குச் சொல்லுங்கள். அடுத்தது, எதிராளியின் கம்பெனி காசோலையோடு ஒரு விடுதலைப் பத்திரம் (இனி எதுவும் கேட்க மாட்டேன் என்ற ஒப்புதல்) அனுப்பும். உங்கள் கம்பெனியின் எழுத்துபூர்வச் சம்மதம் வாங்காமல் அதில் கையெழுத்திட்டால் யூஐஎம் கிளெய்ம் சிக்கலில் மாட்டும். காயம் பெரிதென்றால் வழக்கறிஞரைப் பாருங்கள்; இடித்தவர் தப்பு என்பதையும் இழப்பு எவ்வளவு என்பதையும் நீதிமன்றம் தீர்மானிக்கும்வரை யூஐஎம் தரக் கடமையில்லை என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லியிருக்கிறது. அந்த இடத்தில் உங்கள் சொந்தக் கம்பெனியே எதிர்க்கட்சி. இடித்தவர் மீது வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு.

இந்த வாரமே ஏஜென்ட்டிடம் இரண்டு விலை கேளுங்கள்: யூஎம்/யூஐஎம் 100/300/100 உடன் ஒன்று, இல்லாமல் ஒன்று. வித்தியாசத்தைப் பாலிசி நடக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். புது பாலிசி வந்ததும் டிக்ளரேஷன்ஸ் பக்கத்தில் (என்னென்ன காப்பு, எவ்வளவு தொகை என்று பட்டியலிடும் பக்கம்) "அன்இன்ஷூர்ட்/அண்டர்இன்ஷூர்ட் மோட்டரிஸ்ட்" என்ற வரிக்கு எதிரே தொகை இருக்கிறதா, "ரிஜெக்டட்" என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு, அதன் பிறகு பழைய பாலிசியை ரத்து செய்யுங்கள்.