எஸ்ஜிபிடி நார்மல், பிறகு எதற்கு ஸ்கேன்?

கேள்வி: வயது 43. ரத்ததானம் செய்யப் போனபோது ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. எஸ்ஜிபிடி (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) நார்மல், மாத்திரை தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மட்டும் எடுங்கள் என்கிறார் டாக்டர். தொந்தரவு எதுவும் இல்லை. அப்பா கல்லீரல் புற்றுநோயில் இறந்தார். எனக்கும் வருமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இந்த வைரஸ் உள்ள பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாதவர் நீங்கள். மற்ற கல்லீரல் நோய்களில் பெரும்பாலும் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) வந்த பிறகுதான் புற்றுநோய் வரும். இந்த வைரஸோ தன் டிஎன்ஏவைக் கல்லீரல் செல்லின் டிஎன்ஏவிலேயே செருகிவிடுவதால், சிரோசிஸ் இல்லாமலும் வரலாம். ஆசிய ஆண்களுக்கு 40 வயதிலிருந்தும் பெண்களுக்கு 50-லிருந்தும் கண்காணிப்பு வேண்டும். சிரோசிஸ் இருந்தால் வயதுக் கணக்கே கிடையாது. உங்களுக்கு வயதோடு அப்பாவின் நோயும் சேர்கிறது.

எஸ்ஜிபிடி கல்லீரலின் அன்றைய வீக்கத்தைத்தான் சொல்லும். ரத்தத்தில் இந்த வைரஸ் எவ்வளவு என்று காட்டும் ஹெபடைட்டிஸ் பி டிஎன்ஏ அளவும், கல்லீரல் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் பார்த்தாகிவிட்டதா? தைவானில் 3,600-க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளிவந்த ஆய்வில், வைரஸ் மில்லிக்கு 10,000 பிரதிகளை (சுமார் 2,000 யூனிட்) தாண்டியவர்களுக்கு ஆபத்து ஏறியது. எஸ்ஜிபிடி நார்மலாக இருந்தவர்களும் விலக்கல்ல. குடும்பத்தில் புற்றுநோய் இருந்தால் மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவதும் உண்டு. டாக்டரிடம் அப்பா விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். டெனோஃபோவிர், என்டகாவிர் ஆகிய வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது. எனவே மாத்திரை தொடங்கினாலும் ஸ்கேன் தொடரும். தொடங்கியதை நீங்களாக நிறுத்தினால் வைரஸ் சீறி எழுந்து கல்லீரலே செயலிழக்கலாம்.

ஆறு மாதக் கணக்கு ஏன்? கட்டி இரட்டிப்பாகப் பெரும்பாலும் நாலைந்து மாதம் பிடிக்கும். 2 செ.மீ.க்குள் பிடித்தால் வெட்டியோ சுட்டோ அகற்றிவிடலாம். ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள், பழைய ரிப்போர்ட்டுடன். கொழுப்புக் கல்லீரலில் சிறு கட்டி கண்ணுக்குத் தப்பும். கல்லீரல் கட்டி சுரக்கும் புரதத்தை அளக்கும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனை துணைக்குத்தான். சிறு கட்டிகள் பலவற்றில் அது நார்மலாகவே இருக்கும். 1 செ.மீ. கட்டி தெரிந்தாலோ, ஏஎஃப்பி 20-ஐத் தாண்டினாலோ, மருந்து செலுத்திப் பல கட்டங்களில் எடுக்கும் சிடி அல்லது எம்ஆர்ஐ அவசியம்.

கீழாநெல்லி? 1988-ல் சென்னை ஆய்வு ஒன்று நம்பிக்கை தந்தது, பின்வந்தவை அதை உறுதிசெய்யவில்லை. குடி, சிகரெட், பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை மூன்றையும் விடுங்கள்.

உடன்பிறந்தவர்கள், மனைவி, பிள்ளைகள் அனைவரும் வைரஸ் உடலில் இருக்கிறதா என்று காட்டும் ஹெச்பிஎஸ்ஏஜி ரத்தப் பரிசோதனை செய்யட்டும். வைரஸும் இல்லாமல் எதிர்ப்பு சக்தியும் இல்லாதவர்களுக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசி.