அபராதத்தைக் காட்டி வீட்டை ஏலம் விட முடியாது

வணக்கம். கலிபோர்னியாவில் தனியாக வசிக்கும் உங்கள் தாயார், பக்கவாதம் வந்த பிறகு எட்டு மாதப் பராமரிப்புக் கட்டணமாக 1,100 டாலரும், தோட்டத்தைக் கவனிக்காததற்கு அபராதமாக 900 டாலரும் பாக்கி வைத்திருப்பதால், வீட்டை ஏலம் விடுவோம் என்று வீட்டு உரிமையாளர் சங்கம் கடிதம் அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். நோயுற்ற முதியவரிடம் இப்படி நடந்துகொள்வது கொடுமை.

அந்த 2,000 டாலரை முதலில் பிரித்துப் பாருங்கள். இத்தகைய சங்கங்களை ஒழுங்குபடுத்தும் அம்மாநிலத்தின் டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டப்படி, ஏலத்துக்குப் போவதற்குக் கட்டண நிலுவை மட்டுமே 1,800 டாலரை எட்டியிருக்க வேண்டும், அல்லது 12 மாதத்துக்கு மேல் நிலுவையில் இருக்க வேண்டும். தாமதக் கட்டணம், வட்டி, வக்கீல் செலவு ஆகியவற்றை அந்தத் தொகையோடு சேர்க்கக் கூடாது. ஒழுங்கு மீறலுக்கான அபராதத்தை வைத்து, நீதிமன்றத்துக்குப் போகாமல் வீட்டை விற்கவும் இயலாது. ஆக, இன்றைய நிலையில் அந்த மிரட்டலுக்கு வலுவில்லை. ஆனால் 12 மாதம் முடிய அதிக நாள் இல்லை.

எனவே தவணைத் திட்டம் கேட்டு உடனே எழுத்தில் விண்ணப்பியுங்கள். கொடுக்கும் பணத்தைச் சங்கம் கட்டண நிலுவைக்கே முதலில் வரவு வைக்க வேண்டும் என்பதும் சட்டம். காசோலையிலும் அதைக் குறிப்பிடுங்கள். தோட்ட விஷயத்தில், கூட்டாட்சி நியாய வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் உடல் குறைபாட்டுக்கான சலுகையாகக் கூடுதல் அவகாசம் கோரி, மருத்துவரின் கடிதத்தை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தாயார் சார்பில் நீங்களே பேச, அவரிடம் அதிகாரப் பத்திரம் வாங்கிவிடுவது நல்லது.