கதை எங்கே தடுமாறுகிறது?

கேள்வி: பழைய திகில் நாவல்களை உளப்பகுப்பாய்வு வழியில் படித்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். எதை எடுத்தாலும் ‘இது அடக்கிவைத்த பாலுணர்வின் குறியீடு’ என்றே வந்து முடிகிறது. எனக்கே அலுத்துவிட்டது. வேறு எப்படிப் படிப்பது?

பதில்: அலுத்தது நல்லதுதான். இரத்தம் குடிக்கும் டிராகுலாவின் பல்லைப் பார்த்துப் பாலுணர்வு என்று சொல்ல, உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டு தேவையில்லை. 1897இல் வந்த அந்த நாவல் அதை அப்படியொன்றும் ஒளித்து வைக்கவில்லை. குறியீட்டு அகராதியைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். மறந்துபோன பெயர், வாய்தவறி வந்த சொல், திரும்பத் திரும்பச் செய்யும் ஒரே செயல் என்று தடுமாற்றங்களுக்கு ஃபிராய்டு எவ்வளவு காது கொடுத்தார்! கதையிலும் அவற்றைத் தேடுங்கள்.

மேரி ஷெல்லி எழுதிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818) நாவலையே எடுத்துக்கொள்வோம். விக்டர் தான் படைத்த ஜீவனுக்கு ஒரு துணையைச் செய்யத் தொடங்கி, பாதியில் அதன் கண்ணெதிரேயே பிய்த்தெறிகிறான். அது ஒரு மிரட்டல் விடுக்கிறது: உன் திருமண இரவில் உன்னோடு இருப்பேன். தன் துணையை இழந்தவன் யாரைக் குறிவைப்பான்? வாசகருக்கு உடனே புரிந்துவிடுகிறது. விக்டருக்கு மட்டும் புரியவில்லை. தன்னைத்தான் கொல்ல வரும் என்று நம்பி, முதலிரவில் துப்பாக்கியோடு நடைவழிகளில் அலைகிறான். மணப்பெண் எலிசபெத்தை அறையில் தனியே விடுகிறான். அப்புறம் அலறல் கேட்கிறது.

அவ்வளவு புத்திசாலிக்கு எப்படி இது புரியாமல் போனது? இந்தக் கேள்வியோடு பின்னோக்கிப் போங்கள். ஜீவன் உயிர் பெற்ற இரவில் விக்டர் ஒரு கனவு காண்கிறான். எலிசபெத்தை முத்தமிடுகிறான், அவள் உதடு பிணத்தின் நிறத்துக்கு மாறுகிறது, கையில் இருப்பது செத்துப்போன தன் தாயின் உடல், சவத்துணி மடிப்புகளில் புழு நெளிகிறது. அந்தத் தாய் இறந்ததே, காய்ச்சலில் கிடந்த எலிசபெத்துக்குப் பணிவிடை செய்து அந்த நோய் தொற்றித்தான். எலிசபெத்தின் மரணத்தைக் கனவு முன்பே காட்டிவிட்டது. ஜீவன் அதை நடத்திக் காட்டுகிறது. கட்டுரைக்கு இந்த ஒரு முடிச்சே போதும்.

கோட்பாட்டுக்கு 1919இல் ஃபிராய்டு எழுதிய ‘தஸ் உன்ஹைம்லிஷே’ (இனம்புரியாமல் அச்சமூட்டுவது) கட்டுரையைப் படியுங்கள். ‘ஹைம்லிஷ்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு வீட்டைப் போலப் பழகியது என்றும் பொருள், மறைத்து வைத்தது என்றும் பொருள். நம்மை அச்சுறுத்துவது புதியதல்ல, ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்து பிறகு புதைக்கப்பட்டது என்ற வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. அகராதியைப் புரட்டும் அந்தத் தொடக்கப் பக்கங்கள்தான் எனக்குப் பிடித்தவை. பிறகு ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மனின் ‘மணல் மனிதன்’ கதைக்கு வந்ததும், கண் பறிபோகும் பயத்தைக் காயடிப்பு அச்சம் என்று முடித்துவிடுகிறார். கதாநாயகன் காதலிக்கும் இயந்திரப் பொம்மை ஒலிம்பியா ஓரத்துக்குப் போய்விடுகிறாள். உங்கள் அலுப்பு அவரிடமே தொடங்குகிறது!

இன்னொன்று, கதைக்கு மறுத்துப் பேச இடம் கொடுங்கள். ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’வில் (1898) வரும் ஆவிகள், ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியையின் அடக்கிய ஆசையிலிருந்து பிறந்தவை என்று விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1934இல் வாதிட்டார். சரி, அவள் அதுவரை கேள்விப்பட்டே இராத ஒருவனின் முகத்தை விவரிக்க, வீட்டு நிர்வாகி அதைக் கேட்டு, அங்கே வேலை பார்த்து இறந்துபோன ‘குவின்ட்’ என்று அடையாளம் சொல்வது எப்படி? இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

எழுத்தாளரின் வாழ்க்கையைக் கடைசியில் தொட்டால் போதும். மேரி ஷெல்லி பிறந்த சில நாட்களில் அவர் தாய் இறந்தார் என்பது கனம் மிக்க தகவல்தான். ஆனால் முதல் பத்தியிலேயே அதைச் சொன்னால் நாவல் வெறும் சாட்சியாகிவிடும். எட்கர் ஆலன் போவின் கதைகளில் எங்கு திரும்பினாலும் அவருடைய இறந்த தாயையே கண்டார் உளப்பகுப்பாய்வாளர் மரீ போனபார்ட். அந்த வழியில் ஒரு கதைக்கும் இன்னொரு கதைக்கும் வித்தியாசமே தெரியாமல் போகிறது.

எங்கே தொடங்குவது என்றால், கனவிலிருந்து விக்டர் விழிக்கும் நொடியில். ஜீவன் படுக்கைத் திரையைத் தூக்கிப் பார்க்கிறது. வாயைத் திறந்து ஏதோ முனகுகிறது, கன்னம் சுருங்க இளிக்கிறது, ஒரு கையை நீட்டுகிறது. தன்னைப் பிடித்து நிறுத்துவதற்காக ‘போலத் தோன்றியது’ என்கிறான் விக்டர். அந்தப் ‘போல’வை முதல் பத்தியில் வையுங்கள். பேச்சு வராத வயதில் கை நீட்டுவது வேறு எதற்காகவும் இருக்கலாமே.