ரோசா மணக்கும் சமையல்: வன்னி வீடுகளின் கேள்விகளும் என் பதில்களும்

கிளிநொச்சியில் கலியாண வீடுகளுக்கும் பிறந்தநாள்களுக்கும் கேக்கும் இனிப்பும் செய்து கொடுப்பதே 12 ஆண்டுகளாக என் தொழில். ரோசா மணம் சேரும் உணவுகளைப் பற்றிக் கேட்கச் சொன்னபோது வந்த கேள்விகளில், பல வீடுகளுக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ரோசா சமையலுக்குத் தருவது முதலில் மணத்தைத்தான். நிறத்தையும் இனிப்பையும் வேறு பொருள்களாலும் கொண்டுவரலாம், அந்த மணத்தைக் கொண்டுவர முடியாது. அதைக் காப்பாற்றுவது எப்படி என்பதையே கீழே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

கேள்வி (பரந்தன், புதிதாகத் திருமணமானவர்): அக்கா, பூசைக்கு வாங்கிய பன்னீர்ப் போத்தலிலிருந்து ஒரு கரண்டி எடுத்து லட்டுக்கு விடலாமா? பன்னீர், றோஸ் எசன்ஸ், றோஸ் சிரப் மூன்றும் ஒன்றுதானா?

விடவேண்டாம், தங்கச்சி. பூசைப் பொருள்களோடு விற்கப்படும் பன்னீர் பெரும்பாலும் செயற்கை வாசனை கலந்த தண்ணீர். தெளிப்பதற்காகச் செய்யப்பட்ட அது வயிற்றுக்குள் போவதற்கு உரியதன்று. முகத்துக்குப் பூசுவதற்கென்று விற்கப்படுவதும் அப்படியே. உணவுக்கு உரியது என்று போத்தலிலேயே எழுதியிருப்பதையும், சேர்ந்த பொருள்களின் பட்டியலில் ரோசாவும் தண்ணீரும் தவிர வேறு அதிகம் இல்லாததையும் பார்த்து வாங்குங்கள்.

மூன்றும் வேறு வேறு. பன்னீர் என்பது இதழ்களைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிரவைத்து எடுக்கும் தெளிந்த நீர். அதில் இனிப்பும் இல்லை, நிறமும் இல்லை. எசன்ஸ் மிகவும் செறிவானது என்பதால் துளிக்கணக்கில்தான் விடவேண்டும். சிரப் பெரும்பாலும் சீனிப்பாகு. அதன் சிவப்பு அனேகமாக உணவு நிறமூட்டி. இந்திய சமையல் குறிப்புகளில் வரும் ‘பனீர்’ பாலைத் திரைத்து எடுக்கும் கட்டி. எழுத்து ஒன்றாகத் தோன்றினாலும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

கேள்வி (ஒட்டுசுட்டான், குடும்பத்தலைவி): முற்றத்தில் இரண்டு பன்னீர் ரோசாச் செடிகள் நன்றாகப் பூக்கின்றன. வீட்டிலேயே பன்னீர் வடிக்கலாமா, அன்ரி?

தாராளமாக வடிக்கலாம். பூவை விடியற்காலையில், பனி உலர்ந்ததும் வெயில் ஏறுமுன் பறியுங்கள். மணத்தைத் தரும் எண்ணெய் வெயிலில் பறந்துவிடும் என்பதால், பத்து மணிக்குப் பறித்த பூ பார்வைக்கு அதே பூவாக இருந்தாலும் பாதி வெறுமையாகிவிட்டிருக்கும். இதழ்களைப் பிரித்து, எறும்பும் தூசும் போக ஒருமுறை அலசி எடுங்கள். 100 கிராம் இதழுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் போதும்.

அகன்ற பானையின் நடுவில் கழுவிய செங்கல் துண்டொன்றை வைத்து, அதன்மேல் சில்வர்க் கிண்ணமொன்றை வையுங்கள். கல்லைச் சுற்றி இதழ்களையும் தண்ணீரையும் விடுங்கள். தண்ணீர் கிண்ணத்தைத் தொடக்கூடாது. பானையின் மூடியைக் கவிழ்த்து, குமிழ் கிண்ணத்துக்கு நேர் மேலே வருமாறு மூடி, மூடியின் பள்ளத்தில் ஐஸ்கட்டிகளைப் போடுங்கள். மிகச் சிறிய நெருப்பில் தண்ணீர் மெல்ல முணுமுணுக்கும்போது ஆவி மேலெழுந்து, குளிர்ந்த மூடியில் பட்டு நீராகி, குமிழ் வழியே கிண்ணத்துக்குள் சொட்டும். ஐஸ் உருகினால் அந்த நீரை எடுத்துவிட்டு வேறு ஐஸ் போடவேண்டும். முதல் 200 மில்லிலீற்றர் வரை எடுத்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வருவதில் வேகவைத்த இலையின் வாடையே கூடுதலாக இருக்கும். மணம் போதவில்லை என்றால், வடித்த நீரை அடுத்த நாள் புதிய இதழ்களின்மேல் விட்டு, இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மறுபடி வடியுங்கள்.

இந்தியாவின் கன்னோசியில் செப்புக் கலமும் மூங்கில் குழாயும் கொண்டு இன்றும் அத்தர் வடிப்பதும் இதே வழியில்தான். பல்கேரியாவின் கசான்லக் பள்ளத்தாக்கிலும் துருக்கியின் இஸ்பார்த்தாவிலும் ஒரு கிலோ ரோசா எண்ணெய் எடுக்க ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ வரை பூ வேண்டியிருக்கிறது. ஆனால் ரோசா மணத்தின் ஒரு முக்கிய பகுதியான பினைல் எதைல் அல்ககோல் நீரில் கரையக்கூடியது. ஆகவே எண்ணெய் எடுக்க வழியில்லாத நமது அடுப்படியிலும் நல்ல பன்னீர் கிடைத்துவிடுகிறது. கொதிநீரில் அலசி உலர்த்திய போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது, கலங்கினால் ஊற்றிவிடுங்கள்.

கேள்வி (வவுனியா, உயர்தர மாணவர்): சிவந்த இதழ்களைச் சுடுநீரில் ஊறவைத்தேன், தண்ணீர் சாம்பல் கலந்த ஊதாவாகிவிட்டது. என்ன பிழை விட்டேன், அக்கா?

பிழை உங்களுடையதன்று, தம்பி, கிணற்று நீருடையது. வன்னியில் பல கிணறுகளின் நீரில் சுண்ணாம்புச் சத்துக் கூடுதல் என்பதைக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படலமே காட்டும். ரோசாவின் சிவப்பு அந்தோசயனின் என்னும் நிறப்பொருளால் வருவது. அது புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் ஊதாவாகவோ நீலமாகவோ திரும்பும். ஒருமுறை என் வீட்டில் அப்படி மங்கிப்போன நீரைக் கண்ணாடிக் கோப்பையில் எடுத்துத் தேசிக்காயைப் பிழிந்தேன்; புளி விழுந்த இடத்திலிருந்து இளஞ்சிவப்பு புகைபோல் இறங்கி, கோப்பை முழுவதும் பரவியது. நீங்களும் அரைத் தேக்கரண்டி தேசிப்புளி விட்டுப் பாருங்கள். இதழின் அடியிலிருக்கும் வெள்ளை நுனியைக் கிள்ளி எறிந்துவிடுங்கள், கசப்பு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி (முள்ளியவளை, இரண்டு பிள்ளைகளின் தாய்): பிள்ளைகளுக்கு றோஸ் பால் செய்யும்போது சில நாள்களில் பால் திரைந்துபோகிறது. சில நாள்களில் சவர்க்காரம் குடிப்பதுபோல் இருக்கிறது என்று மகள் சொல்கிறாள்.

கடைச் சிரப்புகள் சிலவற்றில் சிற்றிக் அமிலம் சேர்ந்திருக்கும். சூடான பாலில் அது விழுந்தால் பால் திரையும். பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு சிரப்பை விடுங்கள். மகள் சொல்வதும் உண்மையே. ரோசாவின் மணத்திலிருக்கும் ஜெரானியோலும் சிற்றொனெல்லோலும் சவர்க்கார வாசனைக்கும் பயன்படுபவை. ஆகவே அளவு மிஞ்சினால் நாக்குக்கு முதலில் குளியலறைதான் நினைவுக்கு வரும். தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு 10 லீற்றர் பாலில் எசன்ஸைக் கண்மட்டத்துக்கு விட்டு, விருந்தினர் ஒரு மிடறோடு கோப்பையைக் கீழே வைப்பதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அன்றிலிருந்து கரண்டி இல்லாமல் அளப்பதில்லை.

வீட்டில் செய்வதானால் ஒரு கோப்பைச் சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் காய்ச்சி, நிறத்துக்கு இரண்டு பீற்றூட் துண்டுகளைப் போட்டெடுத்து, பாகு முற்றாக ஆறிய பின் இரண்டு மேசைக்கரண்டி பன்னீர் கலந்து வையுங்கள். ஒரு கிளாஸ் பாலுக்கு இதில் ஒன்றரை மேசைக்கரண்டி போதும். கொதிக்கும் பாகில் பன்னீரை விட்டால் வீடு மணக்கும், பால் மணக்காது.

கேள்வி (மாங்குளம், பேக்கரி தொடங்க எண்ணும் இளைஞர்): அக்கா, லவ் கேக்கில் ரோசா மணம் கடைசி வரை நிற்பதில்லை. எப்போது சேர்ப்பது?

போர்த்துக்கேயர் காலத்துக் கலப்பில் உருவானதாகப் பொதுவாகக் கருதப்படும் இந்தக் கேக்கை நம் நாட்டில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. நான் செய்யும் அளவைத் தருகிறேன். ரவை 250 கிராம், பட்டர் 250 கிராம், சீனி 400 கிராம், பொடியாக நறுக்கிய கஜு 300 கிராம், முட்டை மஞ்சட்கரு 10, நுரைக்க அடித்த வெள்ளைக்கரு 4, தேன் இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய்த்தூள் ஒரு தேக்கரண்டி, சாதிக்காய் அரைத் தேக்கரண்டி, ஒரு தேசிக்காயின் துருவிய தோல், பன்னீர் மூன்று மேசைக்கரண்டி.

மெல்லிய சூட்டில் வறுத்த ரவையில், சூடு இருக்கும்போதே பட்டரைப் பிசைந்து மூடி, குறைந்தது நான்கு மணி நேரம் வையுங்கள்; ரவை கொழுப்பை உறிஞ்சிப் பூரித்தால்தான் கேக்கின் நடு ஈரமாக நிற்கும். மஞ்சட்கருவையும் சீனியையும் வெளிறும்வரை அடித்து, ரவை, கஜு, வாசனைப் பொருள்கள், தேன் ஆகியவற்றைச் சேர்த்து, வெள்ளைக்கருவைக் கடைசியில் மெதுவாக மடியுங்கள். பன்னீரில் இரண்டு மேசைக்கரண்டியை மட்டும் கலவையில் விடுங்கள். 150 பாகை செல்சியஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், மேல் பழுப்பேறி நடு இன்னும் சற்று மென்மையாக இருக்கும்வரை வேகட்டும். நீங்கள் கேட்டதற்குப் பதில் மீதியுள்ள ஒரு கரண்டியில் இருக்கிறது: அடுப்பிலிருந்து எடுத்து அரை மணி நேரம் ஆறிய பின், கைபொறுக்கும் சூட்டில், அதை மேலே சீராகத் தெளித்துத் துணியால் மூடிவிடுங்கள். அடுப்பின் சூடு கொண்டுபோன மணத்தை இந்தக் கரண்டி மீட்டுத் தரும். மறுநாள் வெட்டினால் இன்னும் நன்றாக இருக்கும்.

தேனுக்கு நமது காட்டுத் தேனையே எடுங்கள், ஆனால் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். அதன் மணம் கனமானது. கூடினால் ரோசாவை அமுக்கிவிடும்.

கேள்வி (முசலி, குடும்பத்தலைவி): பெருநாளுக்கு வட்டிலாப்பத்தில் பன்னீர் விட்டால் எப்படி இருக்கும்?

விடுகிற வீடுகள் உண்டு. என் எண்ணத்தில் அது வீண். கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் நிறைந்த பண்டத்தில் ரோசாவுக்கு இடமில்லை. நமது பனங்கட்டிக்கும் இதையே சொல்வேன். அந்தப் பன்னீரைப் பிரியாணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கிலோ அரிசிக்கு ஒரு மேசைக்கரண்டியை, தம் போடுவதற்கு முன் குங்குமப்பூ ஊறிய பாலோடு சேர்த்துத் தெளித்தால், மூடியைத் திறக்கும்போது இறைச்சியின் வாடையை மீறி அது எழும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு, பள்ளி விழாவுக்குச் சமைக்கும் ஆசிரியை): பலூடாவுக்குச் செய்யும் ரோசா ஜெலி, வெயிலில் மேசைக்கு வருமுன்பே தண்ணீராகிவிடுகிறது.

சாதாரண ஜெலிப் பக்கெற்றில் இருப்பது ஜெலற்றின். அது நம் உடல்சூட்டிலேயே உருகும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அதற்குப் பதிலாகக் கடற்பாசியை, கடைகளில் அகர் அகர் என்று விற்பதை, எடுங்கள். அது கொதிக்கவைத்தால்தான் கரையும். 40 பாகைக்குக் கீழே வந்தால் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே இறுகும். ஒருமுறை இறுகினால் ஏறத்தாழ 85 பாகை வரை உருகாது. சைவ உணவுக்காரருக்கும் ஏற்றது. ஒரு லீற்றருக்கு 8 முதல் 10 கிராம் போதும். முழுவதும் கரைந்தபின் அடுப்பை அணைத்து, சற்று ஆறவிட்டு, இறுகுமுன் பன்னீரை விடுங்கள்.

கசகசாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டுக் குறிப்புகளில் கசகசா என்றால் குருமாவுக்கு அரைக்கும் வெள்ளை விதை. நாம் பலூடாவில் போடுவது துளசி இனத்துக் கறுப்பு விதை, அங்கே அதைச் சப்ஜா என்பார்கள். ஒரு தேக்கரண்டியை ஒரு கோப்பைத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவிடுங்கள். ஊறாத விதையைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம், தொண்டையில் பொருமி அடைக்கக்கூடும்.

கேள்வி (பூநகரி, வீட்டுத்தோட்டம் செய்பவர்): சமையலுக்கு எந்த ரோசாவை நடலாம், பிள்ளை?

பன்னீர் ரோசாவை நடுங்கள், ஐயா. பூ சிறியது, ஒரு நாளில் உதிர்ந்துவிடும், ஆனால் மணம் அதில்தான் இருக்கிறது. பெரிய பூவாக நிமிர்ந்து நிற்கும் ஒட்டுச்செடிகளில் பல, அழகுக்கும் வாடாமைக்கும் தெரிவு செய்யப்பட்டவை. காலை வெயிலும் நண்பகலில் நிழலும் படும் இடம் நல்லது. நாற்றுமேடையில் வாங்கிய செடிக்கு மருந்து அடித்திருப்பார்கள் என்பதால், முதலில் வரும் பூக்களைச் சமையலுக்கு எடுக்காமல் இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்திருங்கள். மாலைக்கும் பூச்செண்டுக்கும் விற்கும் பூவை எப்போதும் உண்ணவேண்டாம்.

கேள்வி (துணுக்காய், மகள்): அப்பாவுக்கு நீரிழிவு. ரோசாவென்றால் அவருக்கு உயிர். குல்கந்து கொடுக்கலாமா, அக்கா?

குல்கந்து என்பது இதழும் அதே எடை அல்லது இரட்டிப்பு எடைச் சீனியும் அடுக்கி, மூன்று நான்கு வாரம் வெயிலில் வைத்துக் கனியவிடுவது. ஆகவே அதில் குறைந்தது பாதி சீனி. மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தேனில் ஊறவைத்தாலும் கணக்கு மாறாது.

அப்பாவுக்கு இப்படிச் செய்து கொடுங்கள். கட்டியான எருமைத் தயிர் ஒரு கோப்பையை நீர் விடாமல் மத்தால் இரண்டு தடவை மட்டும் கடைந்து, அரைத் தேக்கரண்டி பன்னீரும் ஒரு சிட்டிகை ஏலக்காயும் சேர்த்து, முற்றத்து ரோசாவின் நான்கைந்து இதழ்களை வெள்ளை நுனி நீக்கி மெல்லிதாக அரிந்து தூவுங்கள். தயிரின் புளிப்பில் இதழ் நிறம் மங்காது. சீனி இல்லாத குறை முதல் கரண்டியில் தெரியும். மண்சட்டியில் ஒரு மணி நேரம் மூடிவைத்துக் கொடுத்தால் மூன்றாவது கரண்டியில் தெரியாது.