உவர் தண்ணீரில் கரும்பும் ஓக்கும்

நண்பரே, தேவிபட்டினம் பக்கம் 2 ஏக்கர் மணல் நிலம், போர் தண்ணீர் கொஞ்சம் கரிக்கிறது. உள்ளே கரும்பு, வரப்போரம் ஓக் மரம் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஓக்கை விட்டுவிடுங்கள். பலகைக்கும் மதுப் பீப்பாய்க்கும் பேர்போன வகைகள் குளிரில் இலையுதிர்த்து ஓய்வெடுப்பவை. அவற்றின் சொந்த ஊரிலேயே பலகைக்குத் தேற நூறு வருஷம் ஆகும்.

கரும்பு 12 மாதப் பயிர், 1500 முதல் 2500 மி.மீ. தண்ணீர் கேட்கும். நம் பக்கம் சாதாரண வருஷத்து மழை ஆயிரத்தைத் தொடாது, மீதிக்கு போர்தான். மோட்டாரை 20 நிமிஷம் ஓடவிட்டு, ஒரு பாட்டில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் இ.சி. (மின் கடத்துதிறன்) 1.1 dS/m-ஐத் தாண்டினாலே மகசூல் சரியத் தொடங்கும். முதிர்ந்த தோகையின் நுனியும் ஓரமும் கருகும், பாத்தி காய்ந்தால் உப்பு வெள்ளையாகப் பூக்கும். சாற்றிலும் உப்பேறுவதால் வெல்லம் இறுகாமல் கசியும். அந்த நஷ்டம் உங்களுக்கு வேண்டாம்.

இவற்றுக்குப் பதிலாக, வரப்பில் பனங்கொட்டையை 3 மீட்டருக்கு ஒன்றாக நேரடியாக ஊன்றுங்கள். முளை முதலில் கீழேதான் இறங்கும். பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. உள்ளே சவுக்கு: 1 மீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு 4000 கன்று, 4 வருஷத்தில் வெட்டு. முதல் கோடையில் மட்டும் தண்ணீர் காட்டத் தவறாதீர்கள்.