பேண்ட் 1: மூடப்பட்டது எது?

கேள்வி: என் பழைய 3ஜி கைப்பேசியின் பெட்டியில் 'பேண்ட் 1' என்று அச்சிட்டிருக்கிறது. இப்போது இணையம் வருவதேயில்லை. அந்த அலைவரிசையையே மூடிவிட்டார்களா?

பதில்: மூடப்பட்டது 3ஜி சேவைதான், அலைவரிசை அப்படியே இருக்கிறது. கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்கு 1920 முதல் 1980 வரை, கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு 2110 முதல் 2170 மெகாஹெர்ட்ஸ் வரை என்று, 3ஜிபிபி என்னும் சர்வதேசத் தரநிர்ணயக் கூட்டமைப்பு வகுத்த அலைவரிசை ஜோடிக்கு இட்ட எண்தான் பேண்ட் 1. நாம் பொதுவாக '2100' என்பது இதைத்தான். இந்தியாவில் 2010-இல் 3ஜிக்கென்று ஏலம் விடப்பட்ட இந்த அலைக்கற்றையில், நிறுவனங்கள் பின்னாளில் 3ஜியை நிறுத்திவிட்டு 4ஜியை இயக்கத் தொடங்கின. அதே அலை வந்து சேர்ந்தாலும், அதில் பேசப்படும் புதிய மொழி உங்கள் கைப்பேசிக்குப் புரியாது. உங்கள் நிறுவனம் 2ஜி சேவையை இன்னும் வழங்கினால், அழைப்புகளுக்கு அதைப் பயன்படுத்தலாம்.