பனியிலும் பாலைவனத்திலும் ரைஃபிளுக்கு எந்த எண்ணெய் போட வேண்டும்?

கேட்டிருக்கும் தம்பி என்.சி.சி.யில் இருக்கிறாராம், பட்டாளத்துக்குப் போகப் போகிறாராம். எங்கள் வேலூர்ப் பக்கம், அதுவும் பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த கம்மவான்பேட்டை டீக்கடையில் இதைக் கேட்டால் ஆளுக்கொரு எண்ணெய் சொல்வார்கள். நானும் பட்டாளத்தில் இருந்தவன்தான், என் பங்குக்குச் சொல்கிறேன். குளிரில் எந்த எண்ணெய் என்பதுதான் முக்கியம். தூசியில் எந்த எண்ணெய் என்பதைவிட எத்தனை முறை துடைக்கிறீர்கள் என்பது முக்கியம்.

முதலில் குளிர். மார்கழிக் காலையில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்குமே, சியாச்சினில் கெட்டியான எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் அதே கதிதான். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட் சோம்பலாக நகரும். தோட்டாவின் பின்பக்கத்தைத் தட்டி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் பலமில்லாமல் தட்டும், தோட்டா வெடிக்காது. சி.எல்.பி. என்கிற எண்ணெய் அழுக்கெடுக்கும், உராய்வைக் குறைக்கும், துருவையும் தடுக்கும். அமெரிக்க ராணுவத் தர அளவுப்படி அது மைனஸ் 51 முதல் 71 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். ஆனாலும் கடுங்குளிருக்கென்று இன்னும் மெல்லிய எண்ணெய் தனியாக வைத்திருக்கிறார்கள். அதையும் பூசினது தெரியாத அளவுக்குத்தான் பூச வேண்டும்.

எந்த எண்ணெயும் காப்பாற்றாத விஷயம் ஒன்று உண்டு. வெளியே சில்லிட்டுக் கிடந்த ரைஃபிளைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் உலோகம் வியர்க்கும். மறுபடி வெளியே எடுத்துப் போனால் அந்த ஈரம் உள்ளேயே பனிக்கட்டியாகிவிடும். அதனால் அதை மூடி வெளியிலேயே வைப்பது நல்லது. உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் வியர்த்து முடியும்வரை விட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, எண்ணெய் பூசிய பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும்.

பாலைவனத்தில் எண்ணெயே கூடாது, மணல் ஒட்டிக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். பாதி சரி. 2007 வாக்கில் அமெரிக்க ராணுவம் எம்4 ரைஃபிளைத் தூசிக்குள் வைத்துச் சுட்டுப் பார்த்தபோது, எண்ணெய் தாராளமாகப் போட்டவைதான் குறைவாகச் சிக்கின. தூசி எண்ணெயோடு சேறாகக் கலந்தாலும் பாகங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. எல்லாத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். உள்ளே இடைவெளி அதிகமுள்ள ஏகே-47 குறைந்த எண்ணெயிலேயே ஓடும். எதுவானாலும் உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் மட்டும் போட்டு, அடிக்கடி துடைத்துப் புதிதாகப் போடுங்கள்.

நம்மூர் அக்னி நட்சத்திர வெயில் ஒரு பிரச்சினையே இல்லை. எண்ணெய் இளகி வழியும், திரும்பப் பூசினால் போச்சு. ஐப்பசி மழைதான் துருவைக் கொண்டுவரும். மழையில் எண்ணெய் கழுவிக்கொண்டு போய்விடும், கிரீஸ் நிற்கும். இரண்டாம் உலகப் போரில் கேரண்ட் ரைஃபிளுக்கு அமெரிக்கர்கள் கிரீஸ் கொடுத்தது இதனால்தான்.

சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட வந்த சரக்கு, அதை மட்டும் நம்ப முடியாது.

அப்புறம், தோட்டா உட்காரும் அறையான சேம்பரும் குழலும் சுடுவதற்கு முன் உலர்ந்திருக்க வேண்டும். சேம்பரில் எண்ணெய் இருந்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு சுவரைப் பிடிக்காமல் வழுக்கும், உதை முழுதும் போல்ட் மேல் விழும். தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினுக்குள்ளும் எண்ணெய் விடாதீர்கள். தோட்டாவின் அடியில் முதலில் தீப்பிடிக்கும் பிரைமருக்குள் இறங்கினால் அந்தத் தோட்டா வெடிக்காமலே போகலாம்.